அம்மாளின் தியாகமும் நமது பங்கும்

(இராயபுரத்தில் நடைபெற்ற நினைவுக் கூட்டத்தில், தம் தாயாரின் படத்திறப்பின்போது ஒரு தோழர் ஆற்றிய சொற்பொழிவின் சாரம்)



எனக்கு முன் பேசிய தோழர்கள் எல்லோரும் என் தாயாரைப் பற்றி மிகவும் உயர்வாகப் பேசினார்கள். தியாகமே உருவானவர் என்றார் ஒருவர். தான் உண்ணாமல் பிள்ளைகளுக்கு ஊட்டியவர் என்றார் மற்றொருவர். அவையெல்லாம் அன்பினால் சொல்லப்பட்ட வார்த்தைகள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்காக அவர்களுக்கு என் நன்றியைத் தெரிவித்துக் கொள்ளுகின்றேன். ஆனால் அவற்றைக் கேட்டுக் கொண்டு இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எனக்குப் பெருமை உண்டாகவில்லை. வெட்கந்தான் உண்டாயிற்று. அது ஏன் என்று சொல்லுவதற்காகவே நான் எழுந்திருக்கின்றேன்.

தான் உண்ணாமல் ஊட்டினார் என்றால் அதற்கு அர்த்தம் என்ன? அவர் உண்ண வேண்டியதை நாங்கள் உண்டுவிட்டோம் என்பதுதானே! தனக்கென்று ஒரு நல்ல சேலை வாங்கிக் கொள்ளவில்லை என்றால், அந்தப் பணத்தில் நாங்கள் சட்டை தைத்துக் கொண்டோம் என்பதுதானே! ஒருவருடைய தியாகத்தை ஊரார் புகழலாம். அந்தத் தியாகத்தினால் லாபம் அடைந்தவன் புகழ்ந்தால் அதற்குப் பெயர் வேறு. அது கடன் பட்டவன் எழுதிக் கொடுக்கும் புரோநோட்டு ஆகும். புரோநோட்டை எழுதி, அதற்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி, மாலையும் சூட்டிவிட்டால் கடன் தீர்ந்து போகுமா என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அம்மாள் எப்படி வாழ்ந்தார் என்பது இந்தத் தெருவில் உள்ள பெரியவர்களுக்குத் தெரியும். இங்குள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆதலால் சுருக்கமாகச் சொல்லுகின்றேன்.

என் தகப்பனார் துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர். காச நோயில் அவர் இறந்தபோது அம்மாளுக்கு வயது 34. பிள்ளைகள் நாங்கள் நான்கு பேர். ஆண் இரண்டு, பெண் இரண்டு. பதினாறாம் நாள் அம்மாளுக்குத் தாலியை அறுத்து, வளையலை உடைத்து, பூவைப் பறித்தார்கள். அதைச் செய்வதற்குச் சொந்தக்காரர்கள் நாற்பது பேர் வந்திருந்தார்கள். பதினேழாம் நாள் காலையில் அடுப்பு எரிய வேண்டுமே என்று கேட்பதற்கு ஒருவரும் இல்லை.

அம்மாள் மீன் கூடையைத் தூக்கினார். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து காசிமேட்டுக்குப் போவார். அங்கே நாலைந்து பெண்கள் கூட்டாகச் சேர்ந்து ஒரு குவியலை ஏலம் எடுத்துத் தங்களுக்குள் பங்கு போட்டுக் கொள்ளுவார்கள். சங்கராவோ, நெத்திலியோ, காரப்பொடியோ, அன்று கிடைத்ததைக் கூடையில் போட்டு ஐஸ் தூவித் தலையில் ஏற்றிக் கொண்டு தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை எல்லாம் வீடு வீடாகப் போவார். மீன் கூடை என்றால் பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். நடைதான்.

முதல் போடுவதற்குத் தண்டல்காரரிடம் வாங்குவார். தண்டல் என்பது என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்லுகின்றேன். ஆயிரம் ரூபாய் என்று எழுதிக் கொண்டு தொள்ளாயிரம்தான் கையில் கொடுப்பார்கள். நாளைக்குப் பத்து ரூபாய் வீதம் நூறு நாளைக்கு வசூல் செய்வார்கள். மீன் விற்றாலும் விற்காவிட்டாலும் சாயங்காலம் அந்தப் பத்து ரூபாய் போயாக வேண்டும். 2004 டிசம்பர் 26 இல் சுனாமி வந்தபோது அம்மாளுக்கு வயது அறுபதுக்கு மேல். கூடையும் தராசும் போனதோடு நிற்கவில்லை. கடலில் பிணம் மிதந்தது என்ற பயத்தால் ஜனங்கள் பல நாள் வரையில் மீனே வாங்கவில்லை. அந்த நாட்களிலும் தண்டல் நிற்கவில்லை. அம்மாள் தன் காதிலிருந்த கம்மலை விற்றுக் கட்டினார். அப்போது நான் சம்பளம் வாங்கிக் கொண்டிருந்தவன். கம்மல் போன சங்கதி எனக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் தெரியும். மகன் தாயின் காதைப் பார்த்துப் பேசியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

பேரப் பிள்ளைகள் அவரை ஆயா என்பார்கள். ஆயா வீட்டுக்கு வந்தால் குழம்பில் உள்ள துண்டுகள் எல்லாம் பிள்ளைகளுக்கு. தலையும் வாலும் ஆயாவுக்கு. தலைதான் எனக்குப் பிடிக்கும் என்று சொல்லுவார். நாங்களும் நம்பினோம்! நம்புவது எங்களுக்குச் சௌகரியமாயிருந்தது. கடைசிக் காலத்தில் பக்கவாதத்தில் படுத்திருந்தபோது, என் தங்கை மகள் ஒரு நாள் முள் எடுத்த வஞ்சிரத் துண்டை ஊட்டினாள். அம்மாள் மென்றுவிட்டு, "இது இவ்ளோ நல்லா இருக்குமாடி?" என்று கேட்டார். நாற்பது வருஷம் மீன் விற்றவர் கேட்ட கேள்வி அது.

நிற்க. அம்மாள் பக்தி உள்ளவர். பௌர்ணமி தோறும் திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோவிலுக்குப் போனவர். நான் கோவிலுக்குப் போகாதவன் என்பது உங்களுக்குத் தெரியும். இப்போது இறந்துவிட்டார் என்பதற்காக, அவர் உள்ளுக்குள் பகுத்தறிவுக்காரர்தான் என்று கதை கட்ட நான் தயாராயில்லை. அது பொய். ஈரோட்டில் 1936 ஜூலை 28 இல் காலமான சின்னத்தாயம்மையாரும் கடைசி வரையில் வைணவ ஆசாரத்தை விடாதவர்தான். அவர் மகனோ ஊர் ஊராகப் போய்க் கடவுளையும் சாஸ்திரத்தையும் கண்டித்துக் கொண்டிருந்தவர். தாய் தாயாகவே இருந்தார். மகன் மகனாகவே இருந்தார். ஆகவே நம் வீட்டுக் கிழவிகள் விபூதி பூசுவதைக் கண்டு யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. அவர்களுக்குப் படிப்பு கொடுக்காமல் வைத்திருந்ததற்காக வேண்டுமானால் வெட்கப்படலாம்.

ஆனால் அந்தப் பக்திமான் ஒரு நாள் என்னிடம் சொன்னதைக் கேளுங்கள். பக்கத்து வீட்டில் ஒரு திவசம் நடந்தது. உயிரோடு இருந்தபோது திண்ணையில் கிடந்த மாமியாருக்கு, செத்த பிறகு வடை பாயசத்தோடு காக்கைக்குச் சோறு வைத்தார்கள். அம்மாள் பார்த்துவிட்டு, "நான் செத்தப்புறம் நீ என்னா செஞ்சா எனக்கு என்னா தெரியப் போவுது? இருக்கும்போது ஒரு வாய் காப்பித் தண்ணி சூடா குடு, அது போதும்" என்றார். கருமாதியைப் பற்றி நாம் மேடையில் ஒரு மணி நேரம் பேசுவதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

ஆகவே அம்மாளின் காரியத்தைச் சடங்கு இல்லாமல் செய்தோம். புரோகிதர் இல்லை, பிண்டம் இல்லை, தானம் இல்லை. என் தங்கைகள் இருவரும் பாடைக்குத் தோள் கொடுத்தார்கள். பெரிய தங்கை கொள்ளி வைத்தாள். பெண்கள் தெருமுனையோடு திரும்ப வேண்டும் என்று இரண்டு பெரியவர்கள் சண்டைக்கு வந்தார்கள். பக்கத்திலே மூலக்கொத்தளத்தில் மொழிப் போரில் 1939 இல் உயிர் நீத்த நடராசன், தாளமுத்து ஆகியோரின் நினைவிடத்தோடு டாக்டர் தருமாம்பாள் அம்மையாரின் நினைவிடமும் இருக்கின்றது. ஒரு பெண்ணுக்கு நினைவிடம் இருக்கும் சுடுகாட்டிற்குள் பெண்கள் நடந்து வந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்டேன். அவர்களிடம் பதில் இல்லை.

அன்று எனக்கு மிகவும் பெருமையாக இருந்தது. கொள்கைப்படி நடந்தவன் என்று பலர் என் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். தோழர்களே! இப்போதுதான் நான் சொல்ல வந்த விஷயத்திற்கு வருகின்றேன்.

அம்மாள் கூடை தூக்கிய காசில் திருவொற்றியூர்ப் பக்கம் அரை கிரவுண்டுக்கும் குறைவான ஒரு மனை வாங்கி, அதில் இரண்டு அறை வீடு ஒன்று கட்டியிருந்தார். பத்திரம் அவர் பெயரில் இருக்கின்றது. பதினாறாம் நாள் சாப்பாடு முடிந்ததும், நானும் என் தம்பியும் தங்கைகள் இருவரையும் உள்ளே அழைத்தோம். என் பையில் ஒரு காகிதம் இருந்தது. பத்திரம் எழுதுகிறவரிடம் சொல்லி நானே தயார் செய்து கொண்டு வந்த விடுதலைப் பத்திரத்தின் நகல் அது. தாய் சொத்தில் தங்களுக்குள்ள பாகத்தைத் தங்கைகள் இருவரும் சகோதரர்களுக்கு மனப்பூர்வமாய் விட்டுக் கொடுப்பதாக எழுதியிருந்தது.

இதைத் தயார் செய்தவன் யார்? பெண் விடுதலையைப் பற்றி இந்த இராயபுரத்தில் முப்பது வருஷமாக மேடை ஏறிப் பேசிக் கொண்டிருப்பவன்! என் தங்கைகளிடம் நான் சொன்ன வார்த்தையையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகின்றேன். "அம்மா எதையாச்சும் தனக்குன்னு வெச்சிக்கிட்டாங்களா? எல்லாத்தையும் குடுத்துத்தானே பழக்கம்" என்றேன். அதாவது, அம்மாளின் தியாகத்தைக் காட்டி மகள்களிடமும் அதே தியாகத்தைக் கேட்டேன்.

சின்னத் தங்கை எண்ணூரில் இருக்கிறவள். அம்மாள் படுத்திருந்த மூன்று வருஷமும் காலை ரயில் ஏறித் திருவொற்றியூருக்கு வந்து, அம்மாளைக் குளிப்பாட்டி, மலம் ஜலம் எடுத்து, கஞ்சி ஊட்டிவிட்டு, மறுபடியும் போய்த் தன் வீட்டு வேலையைப் பார்த்தவள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆப்பிள் வாங்கிக் கொண்டு போய்ப் பார்த்தவன். அவள் காகிதத்தைப் படிக்கக்கூட இல்லை. பேனாவை எடுத்துக் கொண்டு, "எங்க கையெழுத்துப் போடணும்னு காட்டுண்ணா. அம்மா மாதிரியே நாங்களும் குடுத்துட்டோம்னு நாளைக்கு நீ மேடையிலே பேசிக்கலாம்" என்றாள்.

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு உறைத்தது.

புரோகிதனை நிறுத்தினோமே, அதில் எனக்கு என்ன நஷ்டம்? கணக்குப் பார்த்தால் லாபம்! தட்சிணை மிச்சம், தானம் மிச்சம், பெயரும் கிடைத்தது. தங்கை கொள்ளி வைத்ததில் எனக்கு என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை. என் கையிலிருந்து ஒரு காசு போகாத வரையில் நான் பெரிய சுயமரியாதைக்காரன். வீட்டில் பாதி போகும் என்றவுடன் எனக்கு மனுவும் பராசரனும் வேண்டியிருக்கிறார்கள். நமக்குச் செலவில்லாத கொள்கையை நடத்துவது பெரிய காரியமல்ல. செலவு வரும் இடத்தில்தான் மனிதனின் யோக்கியதை தெரியும்.

நாகம்மையாரைப் பற்றி உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். கள்ளுக்கடை மறியலிலும், 1924 இல் வைக்கம் போராட்டத்திலும் முன்னின்றவர். 1933 மே 11 இல் காலமானார். அவரைப் பற்றிப் பெரியார் குடி அரசில் எழுதிய இரங்கலில், ஊருக்குச் சொன்ன பெண்ணுரிமையைத் தம் வீட்டில் தாம் சரிவர நடத்தியதாகச் சொல்லிக் கொள்ள முடியாது என்பதை வெளிப்படையாக ஒப்புக் கொண்டிருக்கிறார். அதை நான் பல தடவை படித்திருக்கின்றேன். பெரிய மனிதருடைய பெருந்தன்மை என்று மெச்சியுமிருக்கின்றேன். அது எனக்காக எழுதப்பட்டது என்பது அந்தப் பேனாவைப் பார்த்தபோதுதான் விளங்கிற்று.

இனி, சட்டம் என்ன சொல்லுகின்றது என்று பார்ப்போம். பெண்களுக்கும் ஆண்களைப் போல் சொத்துரிமை வேண்டும் என்று 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மகாநாட்டிலே தீர்மானம் செய்தார்கள். 1956 இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. ஒரு பெண் தன் பெயரில் சம்பாதித்த சொத்து அவளுக்கே முழுச் சொந்தம் என்றும், உயில் எழுதாமல் அவள் இறந்தால் கணவனுக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சமபாகம் என்றும் அது சொல்லுகின்றது. பிதிரார்ஜித சொத்தில் மட்டும் மகளுக்குக் குறை இருந்தது. அதைத் தமிழ்நாட்டில் 1989 இல் திருத்தினார்கள். ஆனால் அதற்கு முன் கல்யாணமான பெண்களுக்கு அந்தத் திருத்தம் கிடைக்கவில்லை. 2005 இல் இந்தியா முழுமைக்கும் சட்டம் மாறிற்று. தகப்பன் அந்தத் திருத்தத்திற்கு முன் இறந்திருந்தாலும் மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை உண்டு என்று 2020 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

ஆகவே சட்டத்தில் இப்போது குறை இல்லை. அப்படியிருக்க, பெண்களின் பங்கு எங்கே போகின்றது? விடுதலைப் பத்திரத்தில் போகின்றது! தாய் தகப்பன் இறந்த ஈரம் காய்வதற்கு முன்னால், அழுத கண்ணோடு இருக்கிற பெண்ணிடம் காகிதத்தை நீட்டுகிறோம். "உனக்குத்தான் சீர் செய்தாயிற்றே" என்கிறோம். "அண்ணன் தம்பி வீட்டு வாசல் உனக்கு வேண்டாமா?" என்கிறோம். அவள் பயந்து கையெழுத்துப் போடுகிறாள். அதற்கு "மனப்பூர்வமாய்" என்று பெயர் வைக்கிறோம். எந்த அண்ணனாவது தங்கைக்குத் தன் பாகத்தை மனப்பூர்வமாய் விடுதலை செய்து கொடுத்ததாக நீங்கள் கேள்விப்பட்டதுண்டா? மனப்பூர்வம் என்பது ஏன் எப்போதும் ஒரே பக்கமாக ஓடுகின்றது?

உழைப்பிலும் இதே கதைதான். 2019 இல் மத்திய சர்க்கார் எடுத்த நேரக் கணக்கில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் பெண்களில் நூற்றுக்கு 81 பேர் ஈடுபடுகிறார்கள். ஆண்களில் 26 பேர்தான். அப்படிச் செய்கிறவர்களிலும் பெண் நாளைக்கு 299 நிமிஷம் உழைக்கிறாள். ஆண் 97 நிமிஷத்தில் எழுந்துவிடுகிறான். இந்த வித்தியாசத்திற்குத்தான் நாம் தாய்மை என்றும், அன்பு என்றும், தியாகம் என்றும் பெயர் வைத்துப் பாட்டுப் பாடுகிறோம்.

இது நம் நாட்டில் மட்டும் உள்ள வியாதியுமல்ல. அமெரிக்காவில் அன்னா ஜார்விஸ் என்ற பெண் 1905 இல் இறந்து போன தன் தாயை நினைத்து, தாய்மார்களுக்கென்று ஒரு நாள் வேண்டும் என்று பாடுபட்டார். 1914 இல் அந்த அரசாங்கம் அதை ஏற்றுக் கொண்டது. உடனே பூக் கடைக்காரனும், மிட்டாய்க் கடைக்காரனும், வாழ்த்து அட்டை அச்சடிக்கிறவனும் அந்த நாளைப் பிடித்துக் கொண்டார்கள். அதை ஏற்படுத்திய அந்த அம்மையாரே பிறகு தம் ஆயுள் முழுதும் அந்த வியாபாரத்தை எதிர்த்துச் சண்டை போட வேண்டியதாயிற்று. நாம் இங்கே பிண்டம் வைக்கிறோம்; அங்கே அட்டை வாங்குகிறார்கள். இரண்டிலும் தாய்க்குச் சேர வேண்டியது சேரவில்லை.

இன்னொரு சங்கதி சொல்லி முடிக்கின்றேன். சின்னத் தங்கையின் கல்யாணத்தைச் சுயமரியாதைக் கல்யாணமாக நடத்தினோம். 1967 இல் சட்டமாகி 1968 ஜனவரி முதல் அமுலுக்கு வந்த முறைப்படி, ஐயரும் ஓமமும் இல்லாமல் நடந்தது. மாலையை எடுத்துக் கொடுக்க அம்மாளை மேடைக்குக் கூப்பிட்டேன். அவர் சமையற்கட்டின் கதவுக்குப் பின்னால் நின்று கொண்டு, "வேணாண்டா, என் கை பட்டா என் பொண்ணுக்கு ஆவாது" என்று நடுங்கினார். கையைப் பிடித்து அழைத்து வந்தோம். மாலையை எடுத்துக் கொடுத்தார். அந்தத் தங்கை இன்று மூன்று பிள்ளைகளோடு சௌக்கியமாக இதோ முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அம்மாளுக்கு நான் உண்மையாகச் செய்தது என்று ஒன்று உண்டானால், அது அன்றைக்குச் செய்ததுதான். அதை நான் அவர் உயிரோடிருந்தபோது, அவர் பார்க்கும்படி செய்தேன்.

தோழர்களே! விடுதலைப் பத்திரத்தின் நகலை அன்றே கிழித்துவிட்டேன். வாரிசுச் சான்றிதழுக்கு நான்கு பேர் பெயரும் கொடுக்கப்பட்டிருக்கின்றது. வீடு நான்கு பங்காகப் பிரியும். என் தம்பிக்கு இதில் இன்னும் சம்மதமில்லை. அவரும் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். அவரை அவமானப்படுத்த நான் சொல்லவில்லை. பதினாறு நாட்களுக்கு முன் நானும் அவரும் ஒரே கட்சி. தங்கைகளின் பங்கு நானோ அவரோ கொடுக்கும் தர்மமல்ல. ஆகவே எங்கள் சம்மதமும் அதற்குத் தேவையில்லை என்பதை மட்டும் அவருக்கு அன்போடு தெரிவித்துக் கொள்ளுகின்றேன். இதை ஏன் மேடையில் சொல்லுகிறேன் என்றால், நாளைக்கு என் மனமும் மாறலாம். ஊரார் காதில் போட்டுவிட்டால் நான் பின்வாங்க முடியாது.

உங்களை நான் கேட்டுக் கொள்ளுவது இவ்வளவுதான். வீட்டில் தாய் உயிரோடு இருந்தால், இன்று ராத்திரி அவர் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார், இலையில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். அவருக்கு முள் இல்லாத துண்டை முதலில் வையுங்கள். தாய் இறந்துவிட்டிருந்தால், அவர் பெயரைச் சொல்லி அக்காள் தங்கையிடம் காகிதம் நீட்டாதீர்கள். நீட்டியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை: துக்க வீட்டில் யார் எந்தக் காகிதத்தைக் கொண்டு வந்தாலும், அன்றைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

இதெல்லாம் செய்த பிறகு தாயின் படத்தைத் திறக்கலாம்; மாலையும் போடலாம். இந்தப் படத்திற்கு நான் இன்னும் மாலை போடவில்லை என்பதைச் சிலர் கவனித்திருப்பீர்கள். நான்கு பேர் பெயரிலும் பத்திரம் பதிவாகும் அன்று போடுவதாக இருக்கின்றேன். அதுவரையில் படம் மாலையில்லாமலே இருக்கட்டும்.